அரங்குக் கதவில் எழுதியது

நேயர்களுக்கு வணக்கம்.

சேரன்மகாதேவிப் பக்கம் 30 வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதியவன் நான். வயலை விற்றவர்களையும் மனையை விற்றவர்களையும் எதிரே உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். குடியிருந்த வீட்டை விற்க வருகிறவர் முகம் தனியாகத் தெரியும். பதிவு அலுவலகத்தில் ரேகை வைக்கக் கூப்பிடும் நேரத்தில், "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று எழுந்து, வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுவிட்டு வருவார்கள். விலையில் அவர்களுக்குக் குறை இருக்காது. அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் வீட்டைப் பற்றி நினைக்கவே தொடங்கியிருப்பார்கள். அதற்குள் மூன்று மாசக் கெடு முடிந்திருக்கும்.

அதனால் யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: அட்வான்ஸுக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டை அப்படித்தான் விற்றோம். ஆற்றுப் பக்கத்துக் கிராமத்தில் ஓட்டு வீடு. முன்பக்கம் தார்சா, அதையடுத்துக் கூடமாகப் பட்டாசல், சாமான் வைக்கும் உள்ளறையாக அரங்கு, அடுக்களை, புறவாசலில் கிணறு. அம்மா போன பிறகு பூட்டியே கிடந்தது. மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, உத்திரத்தில் கறையான் ஏறிவிட்டது. அக்கா தூத்துக்குடியில், தம்பி ஓசூரில். போனில் பேசினால் பேச்சு விலையிலேயே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோயிலுக்கு வரத்தானே செய்வார்கள், அப்போது வீட்டில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

பொங்கல் வைத்துத் திரும்பிய அன்று ராத்திரி, பட்டாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அக்கா சொன்னாள்: "வித்துருவோம்ல. ஆனா அடுத்த உத்திரத்துக்கு வந்தா எங்க போயி இறங்க?"

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் தரகரிடம் பேச வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். குத்துவிளக்கு யாரிடம் போகும், அய்யா (அப்பா) படத்தை எங்கே மாட்டுவது என்று ஏதாவது ஒன்று. அதைக் கேட்கிறவரை அதட்டி உட்கார வைத்துவிடாதீர்கள். பின்னால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்பது அவர்தான்.

அப்புறம் காகிதங்கள். அய்யாவின் டிரங்குப் பெட்டியில் மூலப் பத்திரம் பத்திரமாக இருந்தது. பட்டாவோ தாத்தா பெயரிலேயே கிடந்தது. இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல, பாதி வீடுகளில் இந்தக் கதைதான். தாத்தா உயில் எழுதாமல் இறந்தவர். அப்படியானால் தென்காசியில் இருக்கும் அத்தைக்கும் பங்கு உண்டு. "கட்டிக் குடுத்தாச்சே, அவளுக்கு என்ன?" என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்து வாரிசுச் சட்டம் 1956-லேயே தகப்பன் சொத்தில் மகளையும் வாரிசாக்கிவிட்டது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வருகிற சம உரிமை, 1989-ல் தமிழ்நாட்டில் மணமாகாத மகள்களுக்கும், 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. சட்டத்தை விடுங்கள், அது அத்தை பிறந்த வீடு. நேரில் போய்க் கேட்டோம். என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன், அதற்கு முன்னால் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றார். வந்து, கிணற்றடித் துவைகல்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பின் பெயர், எல்லாவற்றையும் இந்த ஒரு வருஷத்திலேயே சரி செய்துவிடலாம். பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே ஒரு தடவை டேப் பிடித்துப் பாருங்கள். வெளிநாட்டில் உடன்பிறந்தவர் இருந்தால் அங்கிருந்து வரும் பவர் பத்திரத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கி வழியாகவே வரட்டும். வரி விஷயத்துக்கு ஆடிட்டரை முன்கூட்டியே பாருங்கள். பழைய வீடு என்றால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. லாபத்தை 2 வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கவோ, 3 வருஷத்துக்குள் கட்டவோ போட்டால் வரியிலிருந்து விலக்கும் கிடைக்கும்.

இனி அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரங்குக் கதவின் உட்பக்கத்தில் அய்யா பென்சிலால் எழுதி வைப்பார். நாங்கள் பிறந்த நாழிகை, கிணறு தூர் வாரிய தேதி, பசு கன்று ஈன்றது எல்லாம் இருக்கும். சாமான்களை ஒதுக்கும்போது டார்ச் அடித்து மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசித்தோம். அதில் ஒரு வரி: "92 வெள்ளம். தார்சா வரை. உள்ளே வரவில்லை." 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் பட்டாசலுக்குள்ளேயே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வெள்ளை அடித்து அந்தக் கறையை மறைத்துவிடலாம், பிறகு ஆள் கூட்டி வரலாம் என்றார் தரகர். தம்பிக்கும் சம்மதம்தான். நான் மறுத்துவிட்டேன். ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வந்து படுத்துத் தூங்கப் போகிற வீடு அது. வாங்க வந்தவரை அரங்குக்குள் கூட்டிப்போய் அய்யா எழுதியதைக் காட்டினேன், பட்டாசல் சுவரில் இருந்த கறையையும் காட்டினேன். அவர் விலையைக் குறைத்துத்தான் கேட்டார். கொடுத்தோம். மட்டத்தை மூன்றடி உயர்த்திக் கட்டுவதாகச் சொன்னார்.

அந்தக் கதவை நாங்கள் கேட்கவில்லை, போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டோம். எதைக் கொண்டு போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஊஞ்சல் பலகைக்காகவும் ஆட்டுக்கல்லுக்காகவும் கடைசி நாளில் மனஸ்தாபம் வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். சாமான் ஒதுக்குவதையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். நாங்கள் நாலு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டோம். அம்மாவின் சேலைப் பெட்டியை மூன்றாவது வாரம்தான் அக்கா திறந்தாள்.

அக்கா கேட்ட கேள்விக்கும் வழி கிடைத்தது. அடுத்த தெருவில் சித்தப்பா வீட்டு மச்சு அறை ஒழுகிக்கொண்டு கிடந்தது. விற்ற பணத்தில் பங்கு பிரிக்கும் முன்பே ஒரு தொகையை எடுத்து, ஓடு மாற்றி, தளம் போட்டுக் கொடுத்தோம். சித்தி சாவி ஒன்றை எங்களுக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். பொங்கல் வைக்கிற வெண்கலப் பானையும் குத்துவிளக்கும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. போன பங்குனி உத்திரத்துக்கு அங்கேதான் இறங்கினோம். தென்காசியிலிருந்து அத்தையும் வந்திருந்தார்.

வணக்கம்.