ஒற்றை யாப்பு இல்லாமல் நாட்டை ஆள முடியும்

நடுவர் அவர்களே, மட்டக்களப்புப் பெருமக்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"எழுதிய ஒரே அரசியல் யாப்பு இல்லாமல் ஒரு நாடு தன்னை ஆள முடியுமா?" என்பது இன்றைய கேள்வி. முடியாது என்று வாதாடும் அணித் தலைவர் கொக்கட்டிச்சோலையில் தொடங்கினார். குடிமுறை என்ற குல வழக்கமும் வண்ணக்கர் என்ற கோயில் பொறுப்பாளர்களும் தான்தோன்றீஸ்வரர் கோயிலை நடத்தலாம், நாட்டை நடத்த மரபு காணாது என்றார். நல்லது. மரபு என்றால் ஆளாளுக்கு நினைத்தபடி நடப்பதல்ல என்பதையாவது அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிரித்தானியாவில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1689 உரிமைச் சட்டம், 1911, 1949 பாராளுமன்றச் சட்டங்கள், 1998 மனித உரிமைகள் சட்டம் என்று அடுக்கலாம். ஒரே ஏட்டில் கட்டவில்லை, அவ்வளவுதான். மிச்சம் மரபு. மன்னர் சட்டமூலத்துக்கு ஒப்புதல் மறுப்பதில்லை. கடைசியாக மறுத்தது 1708 இல். மக்கள் சபையின் நம்பிக்கையை இழந்த பிரதமர் விலக வேண்டும், அல்லது தேர்தலுக்குப் போக வேண்டும். 1979 மார்ச்சில் பிரதமர் ஜேம்ஸ் கலகனின் அரசு நம்பிக்கையில்லா வாக்கெடுப்பில் 311க்கு 310 என்று ஒரே வாக்கில் தோற்றது. மக்களிடம் போவதாக அன்றிரவே சபையில் சொன்னார்.

"போகாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தால்?" என்று கேட்டீர்கள். பட்டிமன்றத்தின் உயிரே இந்தக் கேள்விதான். விடை பணத்தில் இருக்கிறது. அங்கே வருமான வரி ஓராண்டு வரி. ஏப்ரல் 5 உடன் வரி ஆண்டு முடியும்; அடுத்த ஆண்டுக்குப் பாராளுமன்றம் புதிதாக விதித்தால்தான் வரி. செலவுக்கும் ஆண்டுதோறும் அனுமதி வேண்டும். படைகளுக்கான சட்டத்தை வருடத்துக்கு ஒரு தடவை இரு சபைகளும் நீடிக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதிதாக இயற்ற வேண்டும். தவறினால் சிப்பாயைக் கட்டுப்படுத்தும் சட்ட அதிகாரமே காலாவதியாகும். சபையைக் கூட்டாமல் ஒளித்து விளையாடும் பிரதமருக்குச் சில மாதங்களில் வருமான வரியும் இராது, படைமேல் அதிகாரமும் இராது. மரபை மீறியவர் அடுத்து சட்டத்தையே மீறவேண்டி வரும். அந்தப் பயம்தான் காவல்.

2018 இல் எங்கள் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்ததை எதிரணித் தங்கச்சி கேட்டார். நியாயமான கேள்வி. நாலரை வருடம் முடியுமுன் ஜனாதிபதி தானாகப் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று எங்கள் யாப்பில் இருந்தது. டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் அப்படியே தீர்ப்பளித்தார்கள். அடுத்த வருடம் லண்டனில் என்ன நடந்தது? பிரதமரின் ஆலோசனைப்படி பாராளுமன்றத்தை ஐந்து வாரம் மூடினார்கள். எத்தனை வாரம் மூடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் 2019 செப்டம்பர் 24 இல் பதினொரு நீதியரசர்களும் ஒரே குரலில், தக்க காரணமின்றிச் சபையின் வேலையைத் தடுக்கும் உத்தரவு வெற்றுத் தாளுக்குச் சமம் என்றார்கள். மறுநாள் சபை கூடிவிட்டது.

மரபு பிசகாதா? பிசகும். நியூசிலாந்தில் 1984 ஜூலைத் தேர்தலில் தோற்ற பிரதமர் மல்டூன், பதவியேற்கவிருந்தவர்கள் கேட்டபடி நாணய மதிப்பைக் குறைக்க முதலில் மறுத்தார். அந்நியச் செலாவணிச் சந்தையை மூட வேண்டியதாயிற்று. சொந்தக் கட்சியே நெருக்கியபின்தான் இறங்கி வந்தார். அதற்குப் பிறகு வந்த 1986 யாப்புச் சட்டமும் நாட்டின் ஒரே யாப்பு ஆகவில்லை; சாதாரணச் சட்டங்களில் ஒன்றுதான். ஓட்டை தெரிந்த இடத்தை எழுதி அடைத்தார்கள், மற்றதை மரபிடமே விட்டார்கள்.

சிறுபான்மையைக் காக்க எழுத்து வேண்டும் என்ற வாதம்தான் எனக்கும் கனமாகத் தெரிகிறது. சாதாரணப் பெரும்பான்மையில் எதையும் மாற்றலாம் என்பது எங்கள் பக்கத்தின் பலவீனம், மறைக்கமாட்டேன். ஆனால் எங்களுக்கு எழுத்து இருந்ததே! ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் செல்லாது என்றது, சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு. 1948 பிரசாவுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. தோட்டத்து லயத்தில் பூட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள். 1953 இல், அன்று எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் 29(2) மீறப்படவில்லை என்று கோப்பை மூடியது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். மாகாண சபையின் ஆயுள் ஐந்து வருடம், முடிந்ததும் தானாகக் கலையும் என்று யாப்பில் அச்சாகியிருக்கிறது. எங்கள் கிழக்கு மாகாண சபையைத் தெரிவு செய்தது 2012 இல். 2017 இல் எழுத்துப்படி ஒரு நாள் பிசகாமல் கலைந்தது. அதற்குச் சில நாள் முன்னர்தான் தேர்தல் முறைச் சட்டத்தை மாற்றியிருந்தார்கள், பிறகு எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றத்தில் தோற்கடித்தார்கள், தேர்தல் வருடக்கணக்கில் அந்தரத்தில் நின்றது, ஆளுநர் ஆண்டார். அதற்காக எவருடைய வரிப்பணமும் நிற்கவில்லை, எவருடைய கதிரையும் ஆடவில்லை. யாப்பின் எந்த உறுப்புரை அந்தத் தேர்தலைக் கொண்டுவந்தது, தம்பி? இலக்கத்தைச் சொல்லுங்கள்.