விளக்கைப் போடாதீர்கள்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் என்று ஓர் ஊர். முப்பதாயிரம் பேர் சொச்சம் இருப்பார்கள். அங்கே ஆண்டுக்கொருமுறை, ஜூன் மாதத்தில் பகல் மிக நீளமாக இருக்கும் நாளில், ராத்திரி பத்து, பத்தரைக்கு ஒரு பேஸ்பால் ஆட்டம் தொடங்கும். மின்விளக்கு கிடையாது. ஆட்டம் நடுநிசியைத் தாண்டும். அதைப் பழைய முறையிலேயே காக்க வேண்டுமா, காலத்துக்கேற்ப மாற்றலாமா என்பதுதான் இன்றைய வழக்கு.

எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். குடிகாரர் பந்தயத்தில் பிறந்த ஆட்டம் என்றார். ஆடிய அணிகளே மாறிவிட்டன, அப்புறம் என்ன பாரம்பரியம் என்றார். மங்கலில் ஆடுவது ஆபத்து, ஒன்று விளக்கைப் போடு, இல்லை மாலை ஏழு மணிக்கே ஆடிவிடு என்றார்.

முதல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 1906இல் உள்ளூர் மதுக்கடைகள் இரண்டு பந்தயம் கட்டித்தான் தொடங்கின. ஆனால் நண்பர் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். அதே 1906 மே மாதம் பெருந்தீயில் அந்த ஊரின் கடைத்தெரு சாம்பலானது. தங்கம் கிடைத்து நாலே வருஷம் ஆன, மரத்தாலான ஊர். அடுத்த மாதமே கரியை மிதித்துக்கொண்டு போய்ப் பந்து விளையாடியிருக்கிறார்கள் ஐயா! அதைக் குடிகாரர் வேலை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அணிகள் மாறின, உண்மைதான். 1960 முதல் கோல்டுபேனர்ஸ் அணி இதை நடத்துகிறது. தங்கம் அரிப்பவர்கள் என்று அந்தப் பேருக்கு அர்த்தம். கோடை விடுமுறையில் வரும் கல்லூரிப் பையன்கள்தான் ஆடுவார்கள். பின்னாளில் பெரும்பேர் எடுத்த டாம் சீவர், டேவ் வின்ஃபீல்டு, பேரி பாண்ட்ஸ் எல்லாரும் அந்தச் சட்டையைப் போட்டவர்கள். ஆள் மாறட்டும், அணி மாறட்டும், கடலை விற்பவர்கூட மாறட்டும். மாறக் கூடாதது ஒன்றுதான்: அந்த வெளிச்சம்.

மூன்றாவதுக்கு வருகிறேன். அங்கே அன்றைக்குச் சூரியன் மறைவது ராத்திரி ஏறத்தாழ 12.47க்கு. மூன்று மணிக்குள் திரும்ப வந்துவிடும். இடையில் இருட்டு என்று ஒன்று வராது, மங்கல்தான். ஆட்டம் முடியப்போகும் எட்டாவது இன்னிங்ஸில் நில்லுங்கள். பந்தை எறியும் பிட்சர் பதினெட்டரை மீட்டர் தள்ளி நிற்கிறான். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வருகிறது. பேட்டருக்கு அரை நொடிகூடக் கிடையாது. வெள்ளைப் பந்து சாம்பல் வானத்திலிருந்து பிரிந்து வருவதற்குள் கைக்கு எட்டிவிடும். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே மங்கல்தானே இரண்டு அணிக்கும்? இவர் சொல்கிற மாதிரி ஏழு மணிக்கு ஆடலாம். ஏழு மணிக்கு வெளிச்சத்தில் ஆட அலாஸ்கா எதற்கு? அதை எந்த ஊரிலும் ஆடலாமே!

அந்த ஊர்க்காரர்களின் குளிர்காலத்தையும் கேளுங்கள். டிசம்பரில் பகல் நாலு மணி நேரம்கூட இருக்காது. குளிர் மைனஸ் நாற்பதுக்குப் போகும். செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள், அந்த ஒரு எண்ணில் இரண்டும் ஒன்றுதான். அத்தனை மாத இருட்டுக்கு ஈடாகக் கிடைத்த ராத்திரியில் போய், ஒளிபோதாது என்று பல்பை மாட்டச் சொல்கிறார் நண்பர்!

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. நடுநிசி நெருங்கியதும் ஆட்டத்தை நிறுத்துவார்கள். எல்லாரும் எழுந்து அலாஸ்கா கொடிப் பாட்டுப் பாடுவார்கள். அந்தக் கொடியில் நீலத்தின் மேல் எட்டு நட்சத்திரங்கள்: சப்தரிஷி மண்டலமும் துருவ நட்சத்திரமும். 1927இல் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வரைந்தது. நட்சத்திரத்தைப் பற்றிப் பாடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஒன்றுகூடக் கிடையாது, அவ்வளவு வெளிச்சம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடித்துக்கொள்கிறேன். எதிரணி நண்பர் விளக்குக் கம்பம் நட இடம் பார்க்க அங்கே போவதாக இருந்தால், நானும் கூட வருகிறேன். ஒரு ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூனிலும் ராத்திரி குளிரும்.