காபியும் சாப்பாடுதான்

நேயர்களுக்கு வணக்கம். வாய்வழியே குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையில் நோயாளியின் தலைமாட்டில் 20 ஆண்டுகளுக்கு மேல் நின்ற செவிலியர் நான். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது காபியைப் பற்றித்தான்.

திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "ஐயா, ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்றேன். "பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை அம்மா" என்றார். குழாய் இறங்கியதும் திரையில் பழுப்பு நிறக் குளம், நடுவே பால் திரிந்த கட்டிகள். டாக்டர் உடனே குழாயை உருவிவிட்டார். விசாரித்தால், "முதல் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு டம்ளர் காபி. காபி ஒரு சாப்பாடா அம்மா?" என்று என்னையே கேட்கிறார்! கும்பகோணம் டிகிரி காபி குடித்து வளர்ந்த ஊரில் இதற்கு என்ன பதில் சொல்வது? பால் கலந்தால் அது சாப்பாடுதான் ஐயா. சோதனைக்கு முன் ஆறு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். தொண்டை மரத்திருக்கும்போது வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். வெற்றிலை சீவலும் கூடாது. மறுவாரம் அவர் சரியாக வந்தார். காபி பிளாஸ்க் மகளின் பையில் பத்திரமாக இருந்தது.

உள்ளே தொண்டையில் ஒரு கசப்பு மருந்தை அடிப்பார்கள். தொண்டை வீங்கியது போல இருக்கும், வீக்கமில்லை, மரமரப்பு. பல்செட்டைக் கழற்றிவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குழாய் சுண்டுவிரல் பருமன்தான். 1868இல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற டாக்டர் வளையாத குழாயை விட்டுப் பார்க்க, கத்தி விழுங்கும் வித்தைக்காரரைத்தான் தேடிப் பிடித்தார்! இன்றைய குழாய் வளைந்து கொடுக்கும். மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு. மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள். எச்சிலை விழுங்க வேண்டாம், வழியட்டும். காற்று ஊதுவதால் ஏப்பம் வரும், அதில் வெட்கமில்லை. சோதித்துப் பார்க்க உள்ளே துளி சதை கிள்ளி எடுத்தாலும் வலி தெரியாது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மரமரப்பு தெளியும்வரை தண்ணீரும் வேண்டாம். காபி அதற்குப் பிறகு, ஆறவைத்து. மயக்க ஊசி போட்டிருந்தால் துணைக்கு ஆள் வேண்டும், மறுநாள்வரை வண்டி ஓட்டக்கூடாது. வீடு போன பிறகு ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், கடும் வயிற்றுவலி, நெஞ்சுவலி, காய்ச்சல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். வணக்கம்.