பிரவுசருக்குப் படியளப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். குரோம், எட்ஜ், ஓப்பெரா, பிரேவ் என்று பிரவுசர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான்கிலும் உள்ளே ஓடும் எஞ்சின், அதாவது இணையப் பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் காட்டும் பகுதி, ஒன்றுதான்: கூகுளின் பிளிங்க். ஓப்பெரா தன் சொந்த எஞ்சினை 2013-இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்டும் 2020-இல் எட்ஜை பிளிங்குக்கு மாற்றிவிட்டது. போட்டிக்கு மிச்சம் இருப்பவை ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ.

ஃபயர்பாக்ஸ் திறமூல மென்பொருள்தான், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனாலும் அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தருவது. ஃபயர்பாக்ஸின் தேடல் பெட்டியில் கூகுளை முதலில் வைப்பதற்காக. இதே ஏற்பாட்டில் ஆப்பிளுக்கு 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் போனது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்தது. நாம் எதைத் தேடுகிறோம் என்பதுதான் விளம்பர வியாபாரத்தின் முதலீடு. அந்தப் பணத்தில் வளரும் பிரவுசர் நம் அந்தரங்கத்தைக் காக்க எவ்வளவு தூரம் போகும்? படியளக்கிறவரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

அதனால்தான் லேடிபேர்ட் என்ற புதிய பிரவுசரைக் கவனிக்கிறேன். முன்பு ஆப்பிளில் வெப்கிட் வேலை பார்த்த ஸ்வீடன்காரர் ஆந்திரியாஸ் கிளிங், 2018-இல் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கினார். அதற்குள்ளிருந்து முளைத்த பிரவுசர் இது. 2024 ஜூலையில், நிரலாளர்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத்துடன் சேர்ந்து இதற்கென்று லாபநோக்கற்ற அமைப்பு தொடங்கினார். வான்ஸ்ட்ராத் குடும்பம் 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட விதி: நன்கொடை மட்டும்தான் வாங்குவோம், தேடல் ஒப்பந்தம் கிடையாது, எவ்வளவு கொடுத்தாலும் இயக்குநர் குழுவில் நாற்காலி விலைக்கில்லை.

எஞ்சினை முதல் வரியிலிருந்து தாங்களே எழுதுகிறார்கள். ஒவ்வொரு டேபும் தனி புராசஸில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த தனி அறை போன்ற ஓட்டத்தில், ஓடும். படத்தைப் பிரித்துக் காட்டும் வேலைக்கும் தனி புராசஸ். விஷமப் படம் ஒன்று வந்தாலும் சேதம் அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பது கணக்கு.

எல்லாமே சொந்தச் சரக்கா என்றால், இல்லை. 'கெ' என்று தட்டினால் கம்ப்யூட்டரில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் பதிவாகும்; திரையில் கொம்பை முன்னால் கொண்டுவர ஹார்ஃப்பஸ் என்ற, எல்லோரும் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பை எடுத்துக்கொண்டார்கள். திரையில் வரைவதற்கு வைத்திருப்பது கூகுளின் ஸ்கியா! சிரிப்பு வருகிறது, சரிதான். ஆனால் அது திறமூல நிரல். அதை எடுத்துக்கொள்வதால் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.

அன்றாட வேலைக்கு இப்போதைக்கு இதை நம்பாதீர்கள். லினக்ஸ், மேக் கணினிகளுக்கான ஆல்ஃபா எனப்படும் முதற்கட்டச் சோதனைப் பதிப்புக்கே 2026-ஐத்தான் இலக்காக அறிவித்தார்கள்.