பகல் என்னும் சொல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பகல் என்றால் என்னவென்று கேட்டால், கதிரவன் எழுவது முதல் மறைவது வரை உள்ள பொழுது என்று எவரும் சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் ‘பகல் 8 மணிக்கு வாருங்கள்’ என்று நம்மில் யாரும் அழைப்பதில்லை. அது காலை 8 மணிதான். பகல் 12 மணி, பகல் 1 மணி என்பனவே இயல்பாக வாயில் வருகின்றன. இரவுக்கு எதிரான நெடும்பொழுதையும், அதன் நடுவிலுள்ள சிறு பொழுதையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். இந்த இரண்டாவது வழக்கைப் பேச்சுமொழியின் நெகிழ்ச்சி என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பகுதி, பகுப்பு, பகை ஆகியவற்றோடு பகலையும் ‘பகு’ என்னும் வேரடியில் வைப்பது வழக்கம். அந்த வேரில் ஒளி இல்லை, பிரிப்புத்தான் உண்டு. திருக்குறளில் ‘பகல்வெல்லும் கூகையைக் காக்கை’ (481) என்னுமிடத்தில் நாம் அறிந்த பகலே வருகிறது; ‘இகலென்ப எல்லா உயிர்க்கும் பகலென்னும் பண்பின்மை பாரிக்கும் நோய்’ (851) என்னுமிடத்திலோ, ஒருவரோடொருவர் கூடாமல் பிரிந்து நிற்றல் என்பதே பொருள். இகல் என்ற அதிகாரத்தைப் படிப்பவர் அங்கே வெயிலைத் தேடினால் குறள் விளங்காது.

இதைவிடத் தெளிவான சான்று பட்டினப்பாலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறது அப்பாட்டு. நுகத்தடியின் நட்ட நடுவில் செருகப்படும் ஆணிக்குப் பகலாணி என்று பெயர். அது ஒரு விரல் தள்ளிப் போனாலும் ஒரு மாட்டின் கழுத்தில் பளு கூடிவிடும். நுகத்தை இரு சமக் கூறாக்கும் அந்த ஆணியே இங்கே பகல். கொள்வதிலும் கொடுப்பதிலும் ஒருபுறம் சாயாத நெஞ்சுக்கு அது உவமையாயிற்று. பொழுதை அவ்வாறு இரண்டாக்குவது உச்சி வேளை. ஆகவே ‘பகல் 12 மணி’ என்னும் வழக்கு வேர்ப்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது என்பேன். தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுதுகளிலும் பகல் என்ற சொல் இடம்பெறுவது பாலைக்குரிய நண்பகலில் மட்டுமே.

இன்றைய வழக்கில் இச்சொல்லுக்கு ஒரு வேடிக்கையான விதியும் வாய்த்திருக்கிறது. ‘பட்டப்பகலில் துணிகரக் கொள்ளை’ என்று செய்தித்தாள் எழுதும். பட்டப்பகலில் திருமணம் நடந்ததாக எங்கும் எழுதாது. களவுக்குரிய பொழுது இரவு என்று நாம் முடிவுகட்டி வைத்திருப்பதால், பலர் பார்க்க நடக்கும் குற்றத்தின் அச்சமின்மையைப் பட்டப்பகல் சுட்டுகிறது. அளவுமீறிய விலையைப் பகல்கொள்ளை என்பதும் இந்த வழியில் பிறந்ததே.

அழைப்பிதழ் எழுதுவோருக்கு ஒரு சொல். மு.ப., பி.ப. என்னும் குறியீடுகள் மற்ற மணிகளுக்குப் பொருந்தும். 12 மணிக்கு மட்டும் பொருந்தமாட்டா. உச்சிப்பொழுது தனக்கே முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. ‘பி.ப. 12 மணி’ என்று அச்சிட்டால் நள்ளிரவோ என்று ஐயுறுவோர் இருப்பர்; ‘பகல் 12 மணி’ என்று அச்சிட்டால் எவரும் ஐயுறுவதில்லை.