புள்ளி வைத்த எழுத்து

(வேலூரில் மகளிர் கூட்டமொன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றில் மேல்தோல் தைக்கும் பெண் ஒருவர், காலை ரயிலில் காட்பாடி வந்திறங்கி என்னைப் பார்க்க வந்தபோது, வெந்நீர்ப் பையைத் துப்பட்டாவால் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பதினான்கு வயதில் தொடங்கிய வலி. இப்போது அவருக்கு இருபத்தாறு. ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்றார்கள், ஆனது, சரியாகவில்லை. ‘பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்’ என்கிறார்கள், கருவே நிற்கவில்லை. ஸ்கேனில் சினைப்பையில் தெரிந்தது, நாம் சாக்லேட் கட்டி என்று சொல்வது. பழைய இரத்தம் தேங்கிக் கறுத்த கட்டிக்கு இப்படி இனிப்பான பெயர் வைத்தவருக்கு அந்த வலி வந்திருக்காது.

எண்டோமெட்ரியோசிஸ் என்னும் இந்நோயில், கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலின் மேலும் ஒட்டி வளர்கிறது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு. மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பங்கு கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் செல்வதே காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927இல் எழுதினார். ஆனால் அப்படிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது, நோயோ சிலருக்குத்தான்.

அந்தச் சிலரிடம் நடப்பது என்ன? ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் இத்திசுவுக்கு உரம் போன்றது. நலமான உட்சவ்வு அதைச் சினைப்பையிடமிருந்து பெறுமே தவிர, தானே தயாரிப்பதில்லை. இடம் மாறி வளர்ந்த திசுவோ அரோமட்டேஸ் என்னும் நொதியைக் கொண்டு தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன், அழற்சியையும் வலியையும் தூண்டும் புரோஸ்டகிளாண்டினைப் பெருக்க, புரோஸ்டகிளாண்டின் திரும்பவும் அரோமட்டேஸை முடுக்கிவிட, செக்குமாடு போல இது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்தச் செக்கைப் பூட்டிவிட்டது எது என்ற இடத்தில்தான் எபிஜெனெடிக்ஸ் வருகிறது, அதாவது மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் இயக்கம் மாறுவது. ‘க’வின் தலையில் புள்ளி வைத்தால் ‘க்’ ஆகிறது. எழுத்தின் உடல் மாறவில்லை, உயிரோசை மட்டும் அடங்குகிறது. (ஓலை கிழியும் என்று சுவடி எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள், படிப்பவர்தான் இடமறிந்து படிக்க வேண்டியிருந்தது.) டி.என்.ஏ.வின் மேல் ஒட்டும் மீத்தைல் தொகுதி என்னும் சிறு வேதித்துணுக்கு அப்படியொரு புள்ளி. அரோமட்டேஸை இயக்கும் எஸ்.எஃப்-1 மரபணுவின் மேல் நலமான சவ்வில் இப்புள்ளிகள் செறிந்திருப்பதால் அது வாய் திறப்பதில்லை. நோய்த்திசுவில் அவை குறைந்திருப்பதை 2007இல் சிகாகோவைச் சேர்ந்த செர்தார் புலூனின் குழு காட்டியது. நேர்மாறாக, புரோஜெஸ்டிரோனை ஏற்கும் வாங்கிகளில் ஒரு வகைக்கான மரபணுவின் மேல் புள்ளிகள் கூடியிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜனை அடக்கவேண்டிய ஹார்மோன் வந்து கதவைத் தட்டினாலும் திறப்பதற்கு ஆள் போதவில்லை. புரோஜெஸ்டிரோனைப் போலவே வேலை செய்யும் டைனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் மாத்திரைகள் பலருக்கு நன்றாக வேலை செய்தும் சிலருக்குக் கைகொடுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இப்புள்ளிகளே நோயைத் தொடங்கிவைத்தனவா, நோய் வந்த பிறகு விழுந்தனவா என்பது இன்னும் தீராத வழக்கு.

ஆம்பூர்ப் பெண் எழுந்து போகுமுன், ‘எனக்கு மகள் பிறந்தால் அவளுக்கும் வருமா, டாக்டரம்மா?’ என்று கேட்டார். இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி நோய்க்கான சாய்வில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருவது என்றேன். வந்தே தீரும் என்பது அதன் பொருளன்று. பள்ளிக்குப் போகமுடியாத அளவுக்கு அவளுக்கு வலித்தால், பன்னிரண்டு வருடம் கழித்தல்ல, அந்த மாதமே அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.