கூண்டை இறக்குவது யார்?

(கீழக்கரையில் பொறியியல் மாணவர்களுக்கும் சர்வர் அறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குப் போகும் டோக்கன் நிற்கும், விசைப்படகெல்லாம் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கூண்டின் குணம் என்னவென்றால், யாராவது இறக்கும்வரை அது தொங்கிக்கொண்டே இருக்கும். விடியலில் கவனிக்காதவர் மதியம் பார்த்துக்கொள்ளலாம். பாலத்தில் ஏறும் ரயிலின் ஹாரன் அப்படியல்ல. அடித்தது அடித்ததுதான், காதில் விழாதவருக்கு அது அடிக்கவே இல்லை.

கணினியில் ஒரு சாதனம் 'என்னைக் கவனி' என்று சிபியுவைக் கூப்பிடுவதும் (இதற்கு இன்டரப்ட் என்று பெயர்) இந்த இரண்டு வழியில்தான். கணினியில் செருகும் பழைய பிசிஐ கார்டுகளின் இன்ட்எக்ஸ் கம்பி கூண்டு வகை. லெவல் இன்டரப்ட் என்பார்கள். எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் இரண்டும் ஹாரன் வகை. அங்கே கம்பியே கிடையாது. சாதனம் ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதும், எழுதியதே இன்டரப்ட். சாதாரணக் கணினியில் இந்த வேறுபாடு, சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுபவரின் தலைவலி. மெய்நிகர் கணினிக்குள், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓட்டும் இன்னொரு கணினிக்குள், போனால் எல்லோருடைய தலைவலியும் ஆகிறது. ஏனென்றால் கூண்டு ஏறியதை முதலில் பார்ப்பது ஹோஸ்ட், அதாவது வெளியே இருக்கும் உண்மையான கணினி. அதை இறக்கத் தெரிந்ததோ கெஸ்ட் என்கிற மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் டிரைவர் மட்டும்.

இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். லினக்ஸ் ஹோஸ்டில், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் ஓடுகிறது. விஎஃப்ஐஓ என்ற லினக்ஸ் வசதி வழியாக ஒரு நெட்வொர்க் கார்டை அப்படியே கெஸ்டிடம் கொடுத்திருக்கிறோம். கார்டு கம்பியை இழுக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கெஸ்ட் நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடு ஹோஸ்ட் கெர்னலுக்கு வருகிறது. இதற்கு விஎம் எக்ஸிட் என்று பெயர். ஹோஸ்டுக்கு அந்தக் கார்டின் உள்விவரம் தெரியாது. எந்த ரெஜிஸ்டரில், அதாவது கார்டுக்குள் இருக்கும் எந்தச் சிறு நினைவிடத்தில், எதை எழுதினால் அடங்கும் என்பதும் தெரியாது. கம்பியை இழுத்தபடியே விட்டுவிட்டு கெஸ்டுக்குத் திரும்பினால் உடனே மறுபடி இன்டரப்ட். டிரைவரின் ஒரு வரி ஓடக்கூட இடம் கிடைக்காது.

அதனால் ஹோஸ்ட் முதலில் கார்டின் வாயை அடைக்கிறது. பிசிஐ கமாண்ட் ரெஜிஸ்டரின் 10-ஆம் பிட்டை 1 ஆக்கினால் இன்ட்எக்ஸ் அடங்கிவிடும். பிறகு ஈவென்ட்எஃப்டி என்ற அறிவிப்பு மணியைத் தட்டுகிறது. கேவிஎம் அதைக் கேட்டு, கெஸ்ட் பார்க்கும் மெய்நிகர் ஐஓ-ஏபிஐசி-யில், அதாவது இன்டரப்டைச் சிபியுவிடம் சேர்க்கும் பகுதியில், கம்பியை உயர்த்துகிறது. கெஸ்ட் டிரைவர் ஓடி, கார்டின் ஸ்டேட்டஸைப் படித்து அழித்து, வந்த பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்கிறது. கடைசியில் கெஸ்ட் கெர்னல் 'முடிந்தது' என்று இஓஐ எழுதுகிறது. அந்த இஓஐ-யை கேவிஎம் பிடித்து, ரீசாம்பிள்எஃப்டி என்ற இன்னொரு மணி வழியாக விஎஃப்ஐஓ-வுக்குத் தெரிவிக்கிறது. அங்கே 10-ஆம் பிட் மீண்டும் 0. கார்டு இன்னும் கம்பியை விடவில்லை என்றால் சுற்று முதலிலிருந்து தொடங்கும்.

போகும் வழியைப் பலரும் சரியாக அமைத்துவிடுகிறார்கள். கோளாறு வருவது திரும்பி வரும் வழியில்தான். இஓஐ திரும்பாவிட்டால் கார்டு வாயடைத்தபடியே கிடக்கும்: முதல் பாக்கெட் வரும், அதோடு அமைதி. இஓஐ-யைத் திருப்பிச் சொல்லும் கேவிஎம்-இன் இந்தக் குறுக்குவழி கிடைக்காத அமைப்பில், கெஸ்டுக்குச் சாதனங்களைக் காட்டும் மென்பொருளான க்யூஎம்யூ ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது. இன்டரப்ட் வந்ததும் கார்டின் நினைவகப் பகுதிக்கான நேரடி அணுகலை மூடிவிடும். கெஸ்ட் அடுத்து அந்தப் பகுதியைத் தொட்டால் அதையே இஓஐ என்று எடுத்துக்கொள்ளும். 1,100 மில்லி விநாடி இன்டரப்ட் இல்லாமல் கழிந்தால்தான் நேரடி அணுகல் திரும்பும். வேலை நடக்கும், ஆனால் வேகம் போய்விடும். 'கார்டு மெதுவாக இருக்கிறது' என்று வரும் புகாரில் இதையும் ஒரு கண் பாருங்கள்.

10-ஆம் பிட் வசதி பிசிஐ 2.3-இல் வந்தது. அது இல்லாத கார்டு என்றால் கம்பி முழுவதையும் ஹோஸ்ட் மூட வேண்டும். ஆகவே அந்தக் கம்பியை இன்னொரு சாதனத்தோடு பகிர முடியாது. யுஎஸ்பி கன்ட்ரோலரும் அதே எண்ணில் உட்கார்ந்திருந்தால் இன்ட்எக்ஸை இயக்கும்போதே 'பிஸி' என்ற பிழை வரும். கார்டை வேறு ஸ்லாட்டில் செருகுங்கள், அல்லது கூட இருக்கும் சாதனத்தின் டிரைவரைக் கழற்றுங்கள். இன்னொரு ரகமும் உண்டு: பிட் இருப்பதாகச் சொல்லும், எழுதினால் மதிக்காது. அப்போது யாரும் அடக்காத கம்பி இன்டரப்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோரவில்லை என்றால் லினக்ஸ் 'நோபடி கேர்ட்' என்று எழுதிவிட்டு அந்தக் கம்பியையே நிறுத்திவிடும். கோளாறு நெட்வொர்க் கார்டில். செத்துப்போவது அதே கம்பியில் இருந்த அப்பாவி மவுஸ். இத்தகைய கார்டுக்கு விஎஃப்ஐஓ-பிசிஐ மாட்யூலில் 'நோஇன்ட்எக்ஸ்மாஸ்க்' என்ற அளவுருவை 1 என்று வையுங்கள்.

முடிந்தவரை இன்ட்எக்ஸ் பக்கமே போகாதீர்கள் என்பேன். எம்எஸ்ஐ-எக்ஸ் இருக்கும்போது அதைத் தவிர்க்க ஒரு காரணமும் இல்லை. ஒரு சாதனத்துக்கு 2,048 வெக்டர், அதாவது தனித்தனி இன்டரப்ட், வரை கிடைக்கும். அட்டவணையில் வெக்டர் ஒன்றுக்கு 16 பைட்: முகவரி, எண், மூடும் பிட். கெஸ்ட் இந்த அட்டவணையில் எழுதுவதை க்யூஎம்யூ இடைமறித்து, உண்மையான அட்டவணையில் ஹோஸ்டின் மதிப்பை எழுத வைக்கிறது. கெஸ்ட் எழுதும் வெக்டர் எண் அதன் மெய்நிகர் சிபியுவுக்குத்தான் பொருந்தும். அப்படியே உள்ளே விட்டால் ஹோஸ்டின் வேறு ஏதோ வெக்டரில் போய் இடிக்கும்.

இடைமறிப்பு மட்டும் காவலாகாது. எம்எஸ்ஐ என்பது வெறும் நினைவக எழுத்து. கெட்ட எண்ணமுள்ள கெஸ்ட், சிபியு நடுவில் இல்லாமல் நினைவகத்தில் எழுதும் தன் கார்டின் டிஎம்ஏ-வைக் கொண்டே அந்த முகவரியில் வேண்டிய எண்ணை எழுதச் செய்யலாம். அதைத் தடுப்பது, சாதனங்களின் நினைவக அணுகலைக் காவல் காக்கும் ஐஓஎம்எம்யூ-வின் இன்டரப்ட் ரீமேப்பிங். இந்தச் சாதனத்துக்கு இந்த வெக்டர் மட்டும் என்று ஒவ்வொன்றையும் சரிபார்க்கும். அது இல்லாத கணினியில் விஎஃப்ஐஓ சாதனத்தைத் தர மறுக்கும். 'அலவ் அன்சேஃப் இன்டரப்ட்ஸ்' என்று ஒரு விருப்பத்தைப் போட்டு வாயை மூடச் சொல்லலாம். வீட்டுக் கணினிக்குப் பரவாயில்லை. பிறத்தியாருக்கு வாடகைக்கு விடும் சர்வரில் அதைப் போடக் கூடாது.

ஹாரன் வகையில் டிரைவர் எழுதுபவர் செய்யும் தவறு வேறு. வெக்டர் ஒன்றுக்குக் காத்திருப்பு பிட் ஒன்றுதான். மெய்நிகர் சிபியு இன்டரப்டை மூடி வைத்திருக்கும்போது பத்து முறை ஹாரன் அடித்தாலும் கேட்கப்போவது ஒன்று. ஆகவே ஓர் இன்டரப்டுக்கு ஒரு பாக்கெட் என்று எடுக்கும் டிரைவர் ஒன்பதை வரிசையிலேயே விட்டுவிடும். வரிசை காலியாகும்வரை எடுங்கள். ஸ்டேட்டஸை முதலில் அழித்துவிட்டுப் பிறகு வரிசையைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் இடையில் வந்த செய்தியும் சேர்ந்து அழியும். இன்டரப்டைத் திறந்த பிறகு இன்னொரு தடவை வரிசையை எட்டிப்பாருங்கள். மெய்நிகர் சிபியுவை ஹோஸ்ட் எந்த இடத்திலும் நிறுத்திவைக்கலாம். வெறும் இரும்பில், அதாவது மெய்நிகர் அல்லாத கணினியில், நானோ விநாடியாக இருந்த இடைவெளி இங்கே மில்லி விநாடியாகி, இடுக்கில் ஒளிந்திருந்த பிழையெல்லாம் வெளியே வரும். இன்டரப்டின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கும் வழி இருக்கிறது. கூடையில் விழும் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக ஏலம் போடுவதில்லையே, அதுபோலக் கார்டு சிலவற்றைச் சேர்த்து ஒரே இன்டரப்டாகக் கொடுக்கும்.

கோளாறு தேடும்போது முதலில் திறக்க வேண்டியது ப்ராக் கோப்பகத்தில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பு. ஹோஸ்டில் ஒன்று, கெஸ்டில் ஒன்று. பத்து விநாடி இடைவெளியில் இரண்டு தடவை படித்துக் கழித்துப் பாருங்கள். ஹோஸ்டில் ஏறுகிறது, கெஸ்டில் ஏறவில்லை என்றால் நடுவழியில் நிற்கிறது: கெஸ்ட் அந்த வெக்டரை மூடி வைத்திருக்கலாம். இரண்டிலும் தலைதெறிக்க ஏறுகிறது, பாக்கெட் மட்டும் நகரவில்லை என்றால் டிரைவர் ஸ்டேட்டஸை அழிக்கவில்லை. இரண்டிலும் அசைவே இல்லையா? ஹோஸ்டின் கெர்னல் பதிவில் ரீமேப்பிங் பிழை ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஹோஸ்டில் எண் அசையாமல் கெஸ்டில் மட்டும் ஏறினால் பதற வேண்டாம். இன்டெலின் விடி-டி போஸ்டட் இன்டரப்ட் வேலை செய்கிறது என்று பொருள். மெய்நிகர் சிபியு ஒன்றுக்கு 64 பைட் விவரக்கட்டு. அதில் 256 வெக்டருக்கும் ஒவ்வொரு பிட். ஐஓஎம்எம்யூ அந்தப் பிட்டை நேராக ஏற்றிவிடும், கெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் எக்ஸிட் இல்லாமலே இன்டரப்ட் உள்ளே போய்விடும். ஹோஸ்டின் ஹேண்ட்லர் ஓடவே இல்லை. ஓடாததை அது எப்படி எண்ணும்?